பழைய ஈ.ஆர்.பி. சும்மா ஓடவில்லை

கோவை, திருப்பூர், கரூர் பக்கம் தொழில் நடத்துகிறவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் கணக்கு, சரக்கு, பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளை மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “ஓடிக்கிட்டிருக்கறதை எதுக்குங்க தொடோணும்?” இதைச் சொல்பவர் விவரம் தெரியாதவர் அல்ல. முந்நூறு பேருக்கு மாதம் தவறாமல் சம்பளம் போடுகிறவர். புது சி.என்.சி. மெஷின் வாங்கினால் போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று பேப்பர், பேனா இல்லாமலே சொல்வார். அவ்வளவு கணக்குத் தெரிந்தவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கே போடாமல் முடிவெடுக்கிறார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அவர் தரப்பைக் குறைக்காமல் முதலில் வைத்துவிடுகிறேன். மென்பொருள் வாங்கிப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. போட்ட பணம் எப்போதோ தேய்மானத்தில் கழிந்துவிட்டது. இப்போது வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணமான ஏ.எம்.சி. மட்டும்தான் செலவு. ஆட்களுக்குக் கை பழகிவிட்டது. ஜி.எஸ்.டி. வந்தது, இ-வே பில் வந்தது, இ-இன்வாய்ஸ் வந்தது. ஒவ்வொரு முறையும் எதையாவது ஒட்டவைத்துச் சமாளித்தாயிற்று. மாற்றப் போனவர்கள் பட்ட பாடோ ஊரறிந்தது: ஹெர்ஷி, லிடல், பர்மிங்ஹாம் மாநகராட்சி. விற்க வருகிறவரிடம் ‘எனக்கு எவ்வளவு மிச்சமாகும்?’ என்று கேட்டால் ரூபாயில் பதில் வருவதில்லை, ஆங்கிலச் சொற்களில்தான் வருகிறது. கடைசியில் ‘2027க்குள் மாறாவிட்டால் ஆதரவு கிடையாது’ என்று ஒரு மிரட்டல். ஆகவே இது ஐ.டி. ஆட்களின் ஆசை, தொழிலுக்கு இதில் வரவு ஒன்றுமில்லை.

இதில் உண்மை கலந்திருக்கிறது. கலப்படம் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1. செலவில்லை என்று எந்தப் பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

ஏ.எம்.சி. என்ற தலைப்பை மட்டும் பார்த்தால் செலவு குறைவுதான். பழைய முறையின் உண்மையான செலவு அந்தத் தலைப்பில் எழுதப்படுவதே இல்லை. ஓவர்டைமில் கொஞ்சம், வங்கி வட்டியில் கொஞ்சம், அவசரமாகப் பிடித்த லாரி வாடகையில் கொஞ்சம், வாடிக்கையாளர் பிடித்துக்கொண்ட டெபிட் நோட்டில் கொஞ்சம் என்று பிரிந்து கிடக்கிறது. யாரும் கூட்டிப் பார்க்காததால் அது பூஜ்யம் ஆகிவிடாது.

மாதத் தொடக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் அறையில் போய் உட்காருங்கள். வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் கேஷ் கிரெடிட் கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்ற டிராயிங் பவரை வங்கி முடிவு செய்யும். ஈ.ஆர்.பி.யிலிருந்து சரக்கிருப்பு ரிப்போர்ட்டை எடுக்கிறார்கள். அதை அப்படியே யாரும் நம்புவதில்லை, எக்செல்லில் இறக்குகிறார்கள். ஃபவுண்டரியில் காஸ்டிங்கை எடை போட்டு எழுதுகிறார்கள், ஸ்டோரில் எண்ணி எழுதுகிறார்கள். எடையை எண்ணிக்கையாக்க ஒரு ஷீட். மெஷினிங்குக்கு வெளியே ஜாப் ஒர்க் போன உருப்படிகளின் டெலிவரி செலான் கையெழுத்துப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்ய ஒரு ஷீட். கேட்டுக்குள் வந்து இன்னும் வரவுச் சீட்டு (ஜி.ஆர்.என்.) போடாத சரக்குக்கு ஒரு ஷீட். எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் டேலி ஆகவில்லை என்றால் கடைசிப் பத்தியில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒரு எண். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அறையில் இருக்கிற எல்லோரும் சீனியர் அக்கவுன்டன்டைப் பார்ப்பார்கள். அவர் ஃபேனைப் பார்ப்பார்.

இதை ‘நம்ம வழக்கம்’ என்று விட்டுவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது. 2020ஆம் ஆண்டின் காரோ (கம்பெனி தணிக்கையாளர் அறிக்கை) உத்தரவு அதை முடித்துவைத்தது. சரக்கு, வரவேண்டிய பாக்கி போன்ற நடப்புச் சொத்துகளை ஈடுகாட்டி 5 கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு பெற்ற கம்பெனி, வங்கிக்குக் கொடுக்கும் காலாண்டு அறிக்கை அதன் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று தணிக்கையாளர் எழுதியாக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு வித்தியாசம் என்பதும் அறிக்கையில் வரும். அந்த அறிக்கையை வங்கி படிக்கும். ‘அட்ஜஸ்ட்மென்ட்’ பத்திக்கு அப்போது ஒரு விலை உண்டு.

வட்டியை எடுத்துக்கொள்வோம். வருடம் 100 கோடி விற்கிற கம்பெனி என்று வையுங்கள். ஒரு நாள் விற்பனை 27.4 லட்சம். பில்லில் விலை தவறு, பி.ஓ. திருத்தம் சிஸ்டத்தில் ஏறவில்லை, டெஸ்பாட்ச் ஆன சரக்குக்கு இரண்டு நாள் கழித்து பில் போனது என்ற காரணங்களால் வசூல் பத்து நாள் தள்ளிப்போனால் 2.74 கோடி வெளியே நிற்கிறது. 10 சதவீத வட்டியில் வருடத்துக்கு 27 லட்சம். மூலப்பொருள் செலவு 60 கோடி என்றால், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்திருக்கிற பத்து நாள் கூடுதல் சரக்கு 1.64 கோடி, வட்டி 16 லட்சம். இரண்டும் சேர்ந்து 43 லட்சம். இது கற்பனைக் கம்பெனி. எண்கள் உங்களுடையவை அல்ல. உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு டீ நேரம் போதும். அதைப் போடாமல் ‘செலவில்லை’ என்று சொல்ல வேண்டாம்.

மென்பொருளை மாற்றிய மறுநாளே அந்த 43 லட்சமும் கைக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பத்து நாளில் ஆறு நாள் உங்கள் வாடிக்கையாளரின் குணத்தால் இருக்கலாம். மிச்சம் நாலு நாள் உங்கள் ஆபீசுக்குள்ளேயே கரைகிறது என்பதைப் பழைய முறை உங்களுக்குக் காட்டாது. காட்டாததால்தான் அது நிம்மதியாக ஓடுகிறது.

2. கை பழகியது யாருக்கு?

‘ஆட்களுக்குப் பழகிவிட்டது’ என்பார்கள். எத்தனை ஆட்களுக்கு என்று எண்ணினால் பல இடங்களில் விடை ஒன்று. விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதின சரக்குக் கணக்கு, ஊதியக் கணக்கு மென்பொருள்கள் இன்னும் மில்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் அந்த மொழியின் கடைசிப் பதிப்பை 2004இல் வெளியிட்டது. நீட்டிக்கப்பட்ட ஆதரவையும் 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டது. இன்று கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் அதன் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். எழுதியவர் ஒருவர்; அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒவ்வொரு ஏப்ரலிலும் புது நிதியாண்டைத் திறந்துவிட அவரே வர வேண்டும். அவர் வீட்டுக் கல்யாணம் எப்போது என்று முதலாளி பஞ்சாங்கம் பார்க்கிற நிலை.

எஸ்.ஏ.பி. என்ற ஈ.ஆர்.பி. மென்பொருளை வைத்திருக்கிற பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. அங்கே வாடிக்கையாளர் சொந்தமாக எழுதிக்கொள்ளும் நிரல்களுக்கு இசட் அல்லது ஒய் எழுத்தில் பெயர் தொடங்கும். பத்து வருடம் ஓடிய அமைப்பில் அவை மூலைக்கு மூலை கிடக்கும். அவற்றில் எது எதற்கு எழுதப்பட்டது, எதை நிறுத்தினால் எது நிற்கும் என்று சொல்கிறவர் வேலையை விட்டுப் போய் நாளாகியிருக்கும். ஒருவர் தலைக்குள் இருக்கிற அறிவைக் கம்பெனியின் பழக்கம் என்று சொல்லிக்கொள்வது முதலாளிக்கு ஆறுதல் தரலாம். அவர் ராஜினாமா கடிதம் கொடுக்கிற அன்று அந்த ஆறுதலின் விலை தெரியும்.

3. தோற்றவர்களின் கதையை முழுதாகப் படித்தீர்களா?

எதிர்த் தரப்பின் பலமான ஆயுதம் இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

ஹெர்ஷியை எடுப்போம். அமெரிக்க சாக்லேட் கம்பெனி. 11.2 கோடி டாலர் திட்டம், எஸ்.ஏ.பி.யோடு வேறு இரண்டு கம்பெனிகளின் மென்பொருள்களும் ஒரே நேரத்தில். 48 மாதம் ஆகும் என்று சொல்லப்பட்ட வேலையை, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியைத் தப்பாகப் படிக்கும் என்ற ஒய்2கே பயத்தில், 30 மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். 1999 ஏப்ரலில் தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. சாக்லேட் கம்பெனிக்கு ஜூலை என்பது ஹாலோவீன் ஆர்டர்கள் குவியத் தொடங்கும் காலம். விளைவு: கிடங்கில் மிட்டாய் இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி பில்லிங் முறையை மாற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

இதுவரைதான் நம் ஆட்கள் படிப்பார்கள். அடுத்த பக்கம் ஒன்று இருக்கிறது. அதே ஹெர்ஷி, அதே எஸ்.ஏ.பி.யின் அடுத்த பதிப்புக்கு 2002இல் மாறியது. நேரத்தோடு, போட்ட பட்ஜெட்டுக்குள் முடித்தது. மென்பொருள்தான் வில்லன் என்றால் இந்த இரண்டாவது காட்சி நடந்திருக்கக் கூடாது. மாறியவை காலமும் சோதனையும் அவசரத்தின் அளவும்.

லிடல் கதை இன்னும் பாடம் தருவது. ஜெர்மனியின் அந்தச் சில்லறை வணிகச் சங்கிலி 2011இல் புதிய மென்பொருள் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 50 கோடி யூரோ வரை செலவழித்துவிட்டு, 2018இல் அதைக் கைவிட்டது. வெளிவந்த காரணங்களில் முக்கியமான ஒன்றைக் கேளுங்கள். லிடல் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கம் உடையது. வாங்கிய மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடுவதை அடிப்படையாகக் கொண்டது. வழக்கத்தை மாற்ற லிடல் ஒப்பவில்லை. மென்பொருளை வளைக்கச் சொன்னது. ஏழு வருடம் வளைத்தார்கள். ‘எங்க கம்பெனி முறை வேறங்க, அப்படியே செஞ்சு குடுங்க’ என்று நம் ஊர்க் கூட்டங்களில் சொல்லப்படும் வாக்கியத்துக்கு ஐரோப்பாவில் ஆன பில் அது.

பர்மிங்ஹாம் மாநகராட்சியும் அதே வழி. 1999 முதல் இருந்த எஸ்.ஏ.பி.யை விட்டு 2022 ஏப்ரலில் ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறினார்கள். புதிய மென்பொருளின் நடைமுறையை அப்படியே ஏற்போம் என்று தொடங்கிவிட்டு, பிறகு வேண்டிய இடத்திலெல்லாம் மாற்றி எழுதினார்கள். அப்படி மாற்றிய வங்கிக் கணக்கு சரிபார்ப்புப் பகுதி சரியாக வேலை செய்யவில்லை. சுமார் 2 கோடி பவுண்டு என்று தொடங்கிய செலவு பல மடங்கு ஏறியது. 2023 செப்டம்பரில் மாநகராட்சி நிதி நெருக்கடியை அறிவித்ததற்கு இதையே முழுக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராததால் சேர்ந்த பாக்கிதான் அதில் பெரிய சுமை என்பதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, நம்மூரில் அதிகம் பேசப்படாதது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் ஊழியர் சம்பளக் கணக்கைப் புதிய முறைக்கு மாற்றியது. ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கும் மருத்துவர்களுக்கும் சம்பளம் வரவில்லை, குறைவாக வந்தது, சிலருக்கு அதிகமாக வந்து பிறகு திருப்பிக் கேட்கப்பட்டது. மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை மதிப்பிடப்பட்டது. 2013இல் விசாரணை ஆணையமே அமைத்தார்கள். அவசரத்துக்கு என்ன காரணம்? பழைய சம்பள முறைக்கு ஆதரவு முடிந்துவிட்டது, எந்நேரமும் படுத்துவிடும் என்ற பயம். ஓடுகிறவரை ஓடட்டும் என்று இருந்துவிட்டு, கெடு தலைக்கு மேல் வந்தபின் போதிய சோதனை இல்லாமல் குதித்தார்கள். இதை மாற்றத்துக்கு எதிரான சாட்சியாக எப்படி நிறுத்துவது? தள்ளிப்போட்டதற்கு எதிரான சாட்சி இது.

ஒரு வெற்றிக் கதையும் இதே திசையில்தான் போகிறது. சிஸ்கோ 1990களின் தொடக்கத்தில் வேகமாக வளர்ந்த கம்பெனி. பெரிய ஈ.ஆர்.பி. வேண்டாம், அந்தந்தப் பிரிவு தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அவர்களும் இருந்தார்கள். ஒரு வருடத்தில் எந்தப் பிரிவும் அசையவில்லை. 1994 ஜனவரியில் பழைய முறை படுத்தது. கம்பெனி ஏறத்தாழ இரண்டு நாள் முடங்கியது. அதன் பிறகு தொடங்கிய ஒன்பது மாத வேலையில், 1.5 கோடி டாலர் செலவில், 1995 ஜனவரியில் ஆரக்கிளுக்கு மாறினார்கள். மாறிய முதல் வாரங்களில் உரிய நேரத்தில் சரக்கு அனுப்பும் விகிதம் 95 சதவீதத்திலிருந்து 75க்கு இறங்கியது. பிறகு நிலைக்கு வந்தது. அந்த இறக்கத்தைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், அதை ஐ.டி. பிரிவின் வேலை என்று விடாமல் ஒவ்வொரு பிரிவிலும் இருந்த திறமையான ஆட்களையே இழுத்து அதில் உட்கார வைத்ததுதான். நம் ஊரில் ஈ.ஆர்.பி. வேலைக்கு யாரை ஒதுக்குவார்கள் தெரியுமா? தயாரிப்பில் இல்லாவிட்டாலும் யாருக்கும் குறை தெரியாத ஆளை.

4. சட்டம் உங்கள் ஒட்டுவேலைக்குக் காத்திருக்குமா?

‘ஒவ்வொரு முறையும் சமாளித்தோமே’ என்பது உண்மை. சமாளித்த விதத்தைப் பாருங்கள். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் விற்பவர் வரை இறங்கியது. பழைய முறைக்காரர்கள் என்ன செய்தார்கள்? மென்பொருளில் பில் போட்டு, அதை வேறொரு கருவியில் ஏற்றி, ஐ.ஆர்.என். என்ற பதிவு எண்ணும் க்யூஆர் குறியும் வாங்கி, மறுபடி பில்லில் ஒட்டினார்கள். ஒரே பில் மூன்று இடத்தில். மூன்றில் ஒன்றில் எண் மாறினால் வாடிக்கையாளருக்கு உள்ளீட்டு வரி வரவு நிற்கும். அவர் உங்கள் பணத்தை நிறுத்துவார். முதல் பகுதியில் சொன்ன பத்து நாளில் இரண்டு நாள் இங்கேதான் போகிறது.

ஜாப் ஒர்க்கை விட்டுவிட்டுத் திருப்பூரைப் பற்றிப் பேச முடியாது. நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி டையிங்குக்குப் போகிறது, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, ஸ்டிச்சிங் என்று ஒரு பனியன் ஆறு வாசலைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவு, வேலைக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்கிறது. நீட்டிப்பு வாங்காமல் தவறினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வட்டியோடு வரி கேட்கும். எந்த செலானில் போன எந்த லாட் துணி, எவ்வளவு கழிவு போக, எந்த செலானில் திரும்பியது என்று காட்ட முடியாத மென்பொருளை வைத்துக்கொண்டு ஐ.டி.சி.-04 படிவத்தை நிரப்புகிறவர் உண்மையில் கதை எழுதுகிறார்.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும். அந்தப் பதிவை அணைத்துவைக்க முடியக் கூடாது. தணிக்கையாளர் இதைப் பற்றியும் தன் அறிக்கையில் எழுதுகிறார். நேரடியாக டேட்டாபேஸுக்குள் போய் எண்ணைத் திருத்திக்கொள்ளும் வசதியைப் பெருமையாகச் சொல்கிற பழைய மென்பொருள்காரர்களை எனக்குத் தெரியும். ‘எங்க சாஃப்ட்வேர்ல எதை வேணாலும் பின்தேதியில மாத்தலாம்’ என்ற அந்த வசதிதான் இப்போது குற்றக் குறிப்பு. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருடம் வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் 2023-24 முதல் நடப்பில் இருக்கிறது. எந்த சப்ளையர் அந்த வகையில் வருகிறார் என்று உங்கள் மாஸ்டர் டேட்டாவில் ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் மார்ச் மாதம் ஆடிட்டர் ஒரு பட்டியல் கேட்பார், மறுபடி எக்செல்.

5. ரூபாயில் காட்ட முடியாது என்று யார் சொன்னது?

விற்பனையாளர் சொன்னது. இந்த இடத்தில் நான் பழைய முறைக்காரர்கள் பக்கம். ஈ.ஆர்.பி. விற்க வருகிறவர்கள் இந்தத் தொழிலுக்குச் செய்த கேடு பெரிது. முதல் ஸ்லைடில் மேகம், இரண்டாவதில் செயற்கை நுண்ணறிவு, மூன்றாவதில் உங்களைவிட நூறு மடங்கு பெரிய கம்பெனியின் பெயர். உங்கள் ஸ்டோர்கீப்பர் பெயர் கேட்டவர்கள் யாராவது உண்டா?

ஆனால் விற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதால் வரவே இல்லை என்றாகிவிடாது. எனக்குத் தெரிந்தவரை மிகப் பெரிய வரவு சரக்கிலோ ஆள் குறைப்பிலோ இல்லை. எந்த ஆர்டரை ஏற்பது என்ற முடிவில் இருக்கிறது. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று ஒரு ஸ்டைலுக்கு விலை சொல்லும்போது மெர்ச்சண்டைசர் ஒரு காஸ்டிங் ஷீட் போடுகிறார்: கிலோவுக்கு நூல் இவ்வளவு, டையிங் இவ்வளவு, வேஸ்டேஜ் இத்தனை சதவீதம், பீஸுக்கு வெட்டித் தைக்கும் கூலி (சி.எம்.டி.) இவ்வளவு. ஆர்டர் முடிகிறது, கப்பல் ஏறுகிறது. உண்மையில் எத்தனை கிலோ துணி போனது, எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது, ஷேடு மாறிப்போய் மறுபடி சாயம் போட எவ்வளவு ஆனது, கடைசியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பிய செலவு எந்த ஸ்டைல் மீது விழுந்தது? இவையெல்லாம் வருடக் கணக்கு முடியும்போது மொத்தமாகத் தெரியும், ஸ்டைல்வாரியாகத் தெரியாது. அதற்குள் அதே பையர் அதே ஸ்டைலுக்கு ரிபீட் ஆர்டர் கொடுத்திருப்பார், நீங்கள் அதே விலைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பீஸுக்கு மூன்று ரூபாய் நஷ்டத்தில் இரண்டு லட்சம் பீஸ் ஓடினால் ஆறு லட்சம் போயிற்று. அதுவும் எல்லோரும் உற்சாகமாக ஓவர்டைம் பார்த்து, தேதி தவறாமல் அனுப்பி, நஷ்டப்பட்டது.

ஆர்டர் முடிந்த பத்து நாளில் திட்டமிட்ட செலவையும் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற அமைப்பு இருந்தால் அந்த ரிபீட் ஆர்டருக்கு நாலு ரூபாய் கூட்டிக் கேட்டிருப்பீர்கள், அல்லது வேண்டாம் என்றிருப்பீர்கள். பழைய முறையிலும் இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், கட்டிங் ரிப்போர்ட்டும் டையிங் பில்லும் ஸ்டிச்சிங் உற்பத்தியும் ஒரே ஆர்டர் எண்ணில் சேர்ந்தால். அவை சேராமல் தனித்தனியே கிடப்பதைத்தான் பழைய முறை என்கிறோம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அந்த எண்களைச் சேர்க்க வேண்டுமென்றால் கட்டிங் மாஸ்டர் அன்றன்று எழுத வேண்டும், ஸ்டோரில் இன்டென்ட் இல்லாமல் ஒரு ரோல் துணியும் வெளியே போகக் கூடாது, முதலாளியின் தம்பி போனில் சொன்னாலும் போகக் கூடாது. பல வீட்டுக் கம்பெனிகளில் ஈ.ஆர்.பி. இந்தக் கடைசி விதியில்தான் விழுகிறது. வரவு மென்பொருளிலிருந்து வருவதில்லை. மென்பொருளைச் சாக்காக வைத்து நீங்கள் கொண்டுவரும் ஒழுங்கிலிருந்து வருகிறது. ‘அப்படியென்றால் மென்பொருள் எதற்கு, ஒழுங்கை மட்டும் கொண்டுவரலாமே?’ கொண்டுவாருங்கள். பதினைந்து வருடமாக ஏன் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

6. 2027 பூச்சாண்டிதானே?

ஆமாம், பாதி. எஸ்.ஏ.பி. தன் பழைய ஈ.சி.சி. மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவை 2025இல் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தது. 2020 பிப்ரவரியில் அதை 2027 முடிவுக்குத் தள்ளியது. கூடுதல் கட்டணம் கொடுத்தால் 2030 வரை என்றது. ஒரு முறை நகர்ந்த கெடு மறுபடி நகரும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. விற்பனையாளரின் காலண்டர் உங்கள் காலண்டர் அல்ல. அதற்காக மாறுகிறவர்கள் குயின்ஸ்லாந்து வழியில் போகிறார்கள்.

தவிரவும் இந்த ஊரில் பெரும்பாலானவர்களிடம் எஸ்.ஏ.பி.யே இல்லை, ஃபாக்ஸ்புரோவுக்கும் பழைய விண்டோஸ் சர்வருக்கும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. வராத 2027ஐப் பற்றி வாதாடுகிறவர்கள் வந்துபோன 2015ஐக் கவனிக்கவில்லை.

பழையதை அப்படியே எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றித் தாருங்கள், ஒரு திரையும் மாறக் கூடாது என்று கேட்பதற்கும் நவீனப்படுத்தல் என்றுதான் பெயர் வைக்கிறார்கள். அது இடம் மாற்றல். அதற்குப் போடும் பணம் வீண். அதைச் செய்துவிட்டு ‘மாற்றியும் பிரயோஜனமில்லை’ என்று சாட்சி சொல்கிறவர்களை நான் சாட்சியாக ஏற்பதில்லை.

எல்லோரும் மாற வேண்டும் என்பது என் கட்சி அல்ல. ஸ்டாக்கை எண்ணினால் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, மாதக் கணக்கு ஐந்தாம் தேதிக்குள் முடிகிறது, ஆர்டர்வாரியாக லாப நஷ்டம் தெரிகிறது, எந்த ஒரு ஆள் ஒரு மாதம் லீவு போட்டாலும் பில் நிற்காது என்ற நாலும் உங்கள் கம்பெனியில் உண்மை என்றால், உங்கள் மென்பொருள் இருபது வருடம் பழையதானாலும் அதில் கைவைக்க வேண்டாம். விற்க வருகிறவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். நாலில் இரண்டு பொய் என்றால், இந்த வருட ஏ.எம்.சி. செக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கணக்கு முடிக்கிற ஆட்கள் எத்தனை எக்செல் ஃபைலை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மாதம் எத்தனை மணி நேரம் போகிறது, எத்தனை லட்சம் வித்தியாசம் வருகிறது என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு வாதாட வாருங்கள்.